இரண்டு நிமிடத்துக்கு மேல்

பண்ணையில் அவரைச் சொட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் அலுவலக அறையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. பதினெட்டு வருடமாக அவருடைய வேலை சொட்டு விடுவது. தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் ஊசி குத்தி, வரும் ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விடுவார். அதன் பக்கத்தில் ஊதா நிற மருந்தில் ஒரு சொட்டு. குச்சியால் இரண்டையும் கலந்து, தட்டைக் கையில் ஏந்தி, மெல்ல ஆட்டுவார். இரண்டு நிமிடம். கலவை கலங்கலாக அப்படியே கிடந்தால் கோழி சுத்தம். ஊதா மணல் மணலாகத் திரிந்து, இடையில் தெளிந்த நீர் தெரிந்தால் கோழிக்குள் கிருமி புகுந்திருக்கிறது.

இரண்டு நிமிடம் தாண்டிவிட்டால் தட்டைப் பார்க்கக் கூடாது. ஓரம் காயத் தொடங்கிவிடும். காய்ந்த ஓரத்தில் சுத்தமான ரத்தமும் திரிந்தது போலவே காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

அவருக்குக் கோழி பிடித்துக் கொடுத்தவள் மூன்றாம் கொட்டகையில் வேலை செய்த பெண். பன்னிரண்டு வருடமாக அங்கேயே இருந்ததால் அவளை எல்லோரும் மூணாம் கொட்டகை என்றே கூப்பிட்டார்கள். ஒரு கையில் கோழியை அணைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வதும் அவள்தான்.

"அண்ணே, ரெண்டாச்சு. கீழ வைங்க. இந்த ஆட்டு ஆட்டுறீங்க, எனக்கே கண்ணு சொக்குது."

"நீ தூங்கிட்டா கோழியை யாரு பிடிக்கிறது?"

"அதுவும் தூங்கிடுச்சு, பாருங்க."

அந்தப் பண்ணை முட்டை விற்கும் பண்ணை அல்ல. அங்கே இடும் முட்டை குஞ்சாகி, குஞ்சு பல ஊர்ப் பண்ணைகளுக்குப் போகும். ஒரு தாய்க்கோழிக்கு வந்தது முட்டை வழியாகப் பல்லாயிரம் குஞ்சுக்குப் போய்விடும். அதனால் உள்ளே நுழைகிறவர்கள் வாசல் அறையில் உடுப்பைக் கழற்றி, தலைமுழுகி, பண்ணை உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கைப்பேசி வாசலிலேயே இருக்கும். வேலை முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் சொட்டுக்காரர் எல்லோரையும் நிற்க வைத்து விதியைப் படிப்பார்.

"வீட்டில் கோழி கூடாது. வாத்து, புறா, கிளி, எந்தப் பறவையும் கூடாது."

"சார், காக்கா தானா வந்து சுவத்துல உக்காந்தா?"

"விரட்டு."

"மாமியார் தானா வந்து உக்காந்தா?"

கொட்டகையே சிரிக்கும். சொட்டுக்காரர் சிரிக்க மாட்டார். எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார், கடைசியில் தானும் போடுவார்.

மாதம் ஒருமுறை வரும் கால்நடை மருத்துவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் ஒருமுறை இந்தக் கிருமியைப் பற்றிச் சொன்னது சொட்டுக்காரருக்கு மனப்பாடம். "மத்த கிருமிக்கெல்லாம் உடம்பைச் சுத்திச் சுவர் இருக்கும். பென்சிலின் அந்தச் சுவரைக் கட்ட விடாம செய்யும். சுவர் போச்சுன்னா கிருமி வெடிச்சுச் சாகும். இந்த மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. மெல்லிசா ஒரு தோல், அவ்வளவுதான். இல்லாத சுவரை எதை வச்சு இடிப்பீங்க? பென்சிலினை வாளி வாளியா ஊத்தினாலும் அதுக்குப் பச்சைத்தண்ணி."

"வேற மருந்து இல்லையா டாக்டர்?"

"இருக்கு. தும்மல் நிக்கும், முட்டை கூடும். ஆனா கிருமி முழுசாப் போகாது. ஆயுசுக்கும் உள்ளயே பதுங்கிக் கிடக்கும். அதனாலதான் தாய்க்கோழிக்கு வந்தா மருந்து கிடையாது, குழிதான்."

அந்தக் கிருமியின் குடும்பம் பெரியது என்றும் சொன்னார். ஒன்று ஆட்டின் நுரையீரலை அழுக வைக்கும். ஒன்று மாட்டின் மடியைக் கல்லாக்கிப் பாலை நிறுத்தும். அதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள் தத்துப்பூச்சியின் வாயில் ஏறிச் செடிக்குப் போகும். கத்தரியின் இலை நகக்கண் அளவுக்குச் சிறுத்துவிடும், எள்ளுச் செடியில் பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலை வரும். மனிதருக்கு வருவது வேறு. வாரக்கணக்கில் இருமிக்கொண்டே நடமாடுவார்கள். சுவர் இல்லாததால் வெளியில் அதற்கு ஆயுள் குறைவு. சோப்பு பட்டால் போய்விடும், வெயில் பட்டால் போய்விடும். ஓர் உயிரைத் தொற்றிக்கொண்டுதான் இன்னோர் உயிருக்குப் போகும். மனிதனின் தலைமுடியிலும் மூக்கிலும் ஓரிரு நாள் தங்கிப் பயணம் செய்யும்.

சொட்டுக்காரரின் மனைவிக்கு இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. அறுவைக்கு உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டில் போட்டு, மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தபடியே இரவும் பகலும் இருந்தாள். மாதத்தில் பத்து நாள் மருத்துவமனை. அதற்கெல்லாம் பண்ணை கொடுத்த மருத்துவ அட்டைதான் துணை. வேலை போனால் அட்டையும் போகும். இது இருவருக்கும் தெரியும், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே குரல் வந்தது.

"என்னங்க, ஒரு பேஷன்ட் வந்திருக்கு."

"யாரு?"

"ஒத்தைக் கண்ணன். சத்தம் போடாம வாங்க."

ஜன்னல் விளிம்பில் ஒரு சிட்டுக்குருவி. ஒரு கண் வீங்கி, சீழ் காய்ந்து, மூடிக்கிடந்தது. இன்னொரு கண்ணால் தலையைச் சாய்த்துச் சாய்த்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பிஸ்கட்டைப் பொடித்து வைத்திருந்தாள். குருவிக்குக் கண் இப்படி வீங்கப் பல காரணம் உண்டு; அதில் ஒன்று டாக்டர் சொன்ன அந்தச் சுவரில்லாத கிருமி என்று சொட்டுக்காரருக்குத் தெரியும்.

"இதை விரட்டணும்."

"என்னையும் சேத்து விரட்டுங்க. எனக்கும்தான் உடம்பு சரியில்ல."

"விளையாடாத. இது எங்க பண்ணைக்கு எமன்."

"எமன் என்னைத் தேடித்தான வந்திருக்கான், உங்க கோழியத் தேடியா?" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. மூச்சு நிலைக்கு வரும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அதன்பின் விரட்டுவதைப் பற்றி அவர் பேசவில்லை.

குருவி தினமும் வந்தது. நாலாம் நாள் பறக்க முடியாமல் விளிம்பிலேயே ஒண்டிக்கொண்டது. "வெந்நீர் வச்சுத் துடைச்சு விடுங்களேன்" என்றாள். பதினெட்டு வருடம் கோழி பிடித்த கை. குருவி அதற்குள் அடங்கிக் கிடந்தது. பஞ்சால் துடைத்தார். மூன்று சாயங்காலம் துடைத்தார். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார், மூக்கைக் கூடக் கழுவினார். பறவையைத் தொட்டால் வாசலில் சொல்லிவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் பறவை வைத்தது தெரிந்தால் மற்றவர்களுக்கு இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்போடு போகும். விதியைப் படித்துக் கையெழுத்து வாங்குகிறவருக்கு வேலையே போகும். அவர் வாசலில் ஒன்றும் சொல்லவில்லை.

குருவி வந்த பதினாறாம் நாள் மூன்றாம் கொட்டகையில் தும்மல் கேட்டது.

கோழியின் தும்மல் பெரிய சத்தமல்ல. விளக்கை அணைத்துவிட்டு நின்றால்தான் கேட்கும். யாரோ ஈரத்துணியை உதறுவது போல. நாலாயிரம் கோழியில் இங்கொன்று அங்கொன்று. சொட்டுக்காரர் இருட்டில் நின்று கேட்டார். மறுநாள் இருபத்தைந்து கோழிக்குச் சொட்டு விட்டார். மூணாம் கொட்டகைதான் பிடித்துக் கொடுத்தாள். பத்தொன்பது தட்டு திரிந்தது. இரண்டு நிமிடம் தேவைப்படவில்லை, ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஊதா மணலாகிவிட்டது.

"அண்ணே," என்றாள் அவள். அன்று அவள் கிண்டல் செய்யவில்லை.

பெரிய டாக்டர் வந்து கோழிகளின் தொண்டையில் பஞ்சு தடவி, பெட்டியில் அடைத்து, தூரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் வர ஏழெட்டு வாரம் ஆகும் என்றார். மேலாளருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கிருமி எப்படி வந்தது என்று மேலிடத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

"எவனோ ஒருத்தன் வீட்டுல பறவை இருக்கு," என்றார். "இன்னிக்கே எல்லார் வீட்டையும் சோதனை போடுறோம். வேலைக்கு உள்ள வந்தவங்க உள்ளயே இருங்க. யாரும் வெளிய போகக் கூடாது, யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பக் கூடாது."

சொட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். கைப்பேசி வாசலில். மனைவி கட்டிலில். குருவி ஜன்னலில். மருந்துப் பெட்டியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

மதியம் அவரை வாசல் அறைக்குக் கூப்பிட்டார்கள். தட்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மேசைமேல் ஒரு சாக்கு. சாக்குக்குள் ஒரு கோழி. மூணாம் கொட்டகையின் வீட்டில் பிடித்ததாம். அவளையும் வெளியே கொண்டுவந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்திருந்தார்கள்.

"என் தங்கச்சியோடது சார்," என்று அவள் கம்பிவழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருக்கா. வீட்டுல ஆளில்ல. நாலு நாளாத்தான் இருக்கு. கூடைக்குள்ள வச்சிருந்தேன், தொடக் கூட இல்ல. என் பையன்தான் தீனி வச்சான்."

"நாலு நாளோ நாப்பது நாளோ, தட்டு சொல்லும்," என்றார் மேலாளர். பிறகு சொட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். "சுத்தம்னு வந்தா இவளுக்கு ரெண்டு வாரம் விடுப்பு. மிச்ச வீட்டை இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பாத்துடுவேன். உங்க தெருதான் அடுத்தது. கிருமின்னு வந்தா தேடுறதே முடிஞ்சுது. பேரைப் பட்டியல்ல போட்டு அனுப்பிட வேண்டியதுதான்."

பட்டியல் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சுற்றுவட்டாரத்துப் பதினோரு பண்ணைக்கும் அது போகும். அதில் பெயர் ஏறியவருக்கு எந்தப் பண்ணையிலும் வேலை கிடையாது. கோழியைத் தவிர வேறெதுவும் தெரியாதவளுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

சொட்டுக்காரர் கோழியின் இறக்கையைத் தூக்கினார். ஊசி குத்தினார். ஒரு சொட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு. கலந்தார். தட்டை ஆட்டத் தொடங்கினார்.

ஒரு நிமிடம். கலங்கல் அப்படியே கிடந்தது.

இரண்டு நிமிடம். பால் போலக் கலங்கிய ஊதா. ஒரு மணல் கூட இல்லை. கோழி சுத்தம்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன?"

சொட்டுக்காரர் நிமிரவில்லை. தட்டைக் கீழே வைக்கவும் இல்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார். மேலே மின்விசிறி சுழன்றது, சுவரில் கடிகாரம் ஓடியது. இரண்டரை. சொட்டின் ஓரம் மெல்லச் சுருங்கியது. மூன்று. ஓரத்தில் கோடு போல ஏதோ தெரிந்தது. மூன்றரையில் அது பொடிப்பொடியாக நின்றது. அப்போது தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி மேலாளரிடம் நீட்டினார்.

வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னாளில் இதையே தனக்குள் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருக்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று. ஒருமுறைகூட அது உதவவில்லை.

"பாத்தியாம்மா?" என்று மேலாளர் தட்டை ஜன்னல் பக்கம் காட்டினார். அவள் தட்டைப் பார்த்தாள், சொட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோழியை அங்கேயே கொன்று எரித்தார்கள். மறுநாள் மூன்றாம் கொட்டகையின் நாலாயிரத்தையும் குழியில் இறக்கினார்கள். சோதனை நின்றது. அவருடைய தெருவுக்கு யாரும் வரவில்லை. பண்ணைக் குடியிருப்பில் இருந்த வீட்டை அவள் மூன்று நாளில் காலி செய்தாள். பாத்திரம் ஏற்றிய தள்ளுவண்டி அவர் வீட்டு வழியாகத்தான் போனது. ஜன்னலிலிருந்து மனைவி பார்த்தாள்.

"பாவம், அந்தப் பொண்ணு கோழி வச்சிருந்தாளாமே. நாம மட்டும் என்ன யோக்கியம்? நல்லவேளை, நம்மளை யாரும் பாக்கல."

"ஆமா," என்றார்.

குருவிக்குக் கண் சரியானது. ஒருநாள் பறந்து போனது, திரும்பி வரவில்லை. மனைவி அடுத்த மாதம் இறந்தாள். மருத்துவ அட்டை கடைசிவரை செல்லுபடியானது. எதற்காக அந்தத் தட்டை ஆட்டினாரோ அது அவருக்குக் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து நாள் கிடைத்தது. அந்த முப்பத்தைந்து நாளில் அவள் முகத்தைப் பார்த்து அவரால் பேச முடியவில்லை. தன் நோயைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தின் பதில் காரியம் முடிந்த மறுவாரம் வந்தது. பெரிய டாக்டர் அதை எல்லோருக்கும் நடுவில் படித்தார். கிருமி வெளியிலிருந்து வரவில்லை. அந்தக் கோழிகள் குஞ்சாக வாங்கப்பட்டபோதே, அவற்றின் தாயிடமிருந்து முட்டைக்குள் ஏறி வந்திருக்கிறது. ஒரே சமயம் பொரித்த அதே ஈட்டுக் குஞ்சுகளை வாங்கிய வேறு இரண்டு பண்ணையிலும் அதே வகைக் கிருமி. இத்தனை மாதம் உள்ளே பதுங்கியிருந்து, முட்டையிடும் களைப்பில் கோழி தளர்ந்தபோது வெளியே தலைகாட்டியிருக்கிறது.

குருவி கொண்டுவரவில்லை. அவருடைய கை கொண்டுபோகவில்லை. அவர் மறைத்தது எதுவோ, அதில் மறைக்க ஒன்றுமே இருக்கவில்லை.

அன்று மாலையே கடிதம் எழுதினார். தேதி, நேரம், மூன்றரை நிமிடம், எல்லாம் எழுதினார். மேலாளர் நின்றபடியே படித்தார். பிறகு அவரை உட்கார வைத்து, தோளில் கை வைத்தார்.

"அவங்க போனதுலேருந்து நீங்க சரியாத் தூங்கல. இந்த நிலைமையில மனுஷன் என்ன வேணா எழுதுவான். ஒரு மாசம் லீவு எடுத்துக்கோங்க."

"சார், பட்டியல்லேருந்து அந்தப் பேரை—"

"பட்டியல் போயிடுச்சுங்க. திருப்பிக் கூப்பிட முடியாது. அவ கோழி வச்சிருந்தது நிஜம்தான?"

கடிதத்தின் மேல் மூலையில் 'துக்கத்தில் எழுதியது' என்று பேனாவால் குறித்து, கோப்பில் வைத்தார். சொட்டுக்காரருடைய மனைவியின் சாவு அப்படியும் ஒருவருக்கு உதவியாயிற்று.

மூணாம் கொட்டகை இப்போது ஒரு தங்கும் விடுதியின் பின்புறம், துணி வெளுக்கும் அறையில் வேலை செய்தாள். சொட்டுக்காரர் நகலை எடுத்துக்கொண்டு அங்கே போனார். ஆவியில் வெந்து சிவந்த கைகளோடு வெளியே வந்தாள்.

"அண்ணி தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன். வேலையில விடல."

அவர் நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னார். குருவியை, வாசலில் சொல்லாததை, தட்டை. முடித்ததும் அவள் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆட்டினீங்கன்னு எழுதியிருக்கீங்க?"

"மூணரை."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நானும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். ரெண்டு தாண்டினது தெரியும்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"எனக்காக நல்லாப் பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

துவைக்கும் இயந்திரம் உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அவர் உட்கார இடம் தேடினார். அங்கே இடம் எதுவும் இல்லை.

"இத்தனை நாள் கழிச்சு ஏன் வந்தீங்கன்னு கேக்க மாட்டேன்," என்றாள். "அண்ணி இருந்தவரைக்கும் வந்திருக்க மாட்டீங்க. இப்ப உங்களுக்குப் போறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் உண்மை வருது."

"ஆமாம்மா."

காகிதத்தை வாங்கிப் படித்தாள். "இதுல 'ஒரு பெண் தொழிலாளி'ன்னு இருக்கு. என் பேரு எங்க?"

அவர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு நிறுத்தினார். பன்னிரண்டு வருடமாக மாதாமாதம் அவளிடம் கையெழுத்து வாங்கியவர், அவளுடைய முழுப்பெயரைக் கேட்டதில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதினார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பதினோரு பண்ணைக்கும் போறோம். காகிதத்த நான் நீட்ட மாட்டேன். நீங்க வாயால சொல்லணும்."

வெள்ளிக்கிழமை நாலு பண்ணைக்குப் போனார்கள். நோய் வந்த இடத்து ஆட்கள் என்று இரண்டில் வாசலிலிருந்தே பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவர் பத்தடி தூரத்திலிருந்து உரக்கச் சொன்னார். சொட்டுக்காரர் என்ற பெயர் அங்கேயும் தெரிந்திருந்ததால், காவலாளி முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக் காறித் துப்பினார். மூன்றாவதில் யாரும் வெளியே வரவில்லை. நாலாவதில் ஒருவர் வந்து முழுவதும் கேட்டார்.

"அப்ப அந்தக் கோழி சுத்தம்."

"சுத்தம்."

"ஆனா இவங்க வீட்டுல கோழி இருந்தது."

"நாலு நாள்," என்றாள் அவள்.

"பாக்கலாம்மா," என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார்.

திரும்பும்போது பேருந்தில் பாதி இருக்கை காலியாக இருந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். சொட்டுக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இறங்கும் இடம் வந்ததும் அவர் பக்கம் திரும்பாமல், படியில் நின்றபடி சொன்னாள்:

"இன்னும் ஏழு இருக்கு."